முடுக்கு வாயில் நின்று பார்த்தவர்கள்

1

இந்த வருடம் பனிமூட்டக் காலத்தில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே நடைபாதையைப் பெயர்த்தார்கள். ஹாங்காங்கில் அந்த மாதங்களில் மாடியிலிருந்து பார்த்தால் எதிர்க் கட்டடம் தெரியாது. கடல் பக்கமிருந்து கப்பல் சங்கு மட்டும் கேட்கும். வீட்டுச் சுவர்கள் மனிதரைப் போல வியர்த்து நிற்கும். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கடைக்குப் புறப்பட்டேன். அந்த வெள்ளைப் புகைக்குள் மஞ்சள் சட்டை போட்ட இரண்டு பேர் பழைய தரையை இயந்திரத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். சுரண்டியதை அள்ளி வண்டியில் ஏற்றினார்கள்.

நான் நின்றுவிட்டேன். புதிய தரை போடுவதற்குப் பழையதை ஏன் அள்ளுகிறார்கள்? அதற்கு மேலேயே போட்டுவிட்டுப் போனால் என்ன?

இதை அவர்களிடமே கேட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் சீன மொழி கடைப் பேச்சுதான். விலை சொல்லுவேன், குறைக்க முடியாது என்று சொல்லுவேன், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லுவேன். நான் கேட்டது அவர்கள் காதில் எப்படிப் போய் விழுந்ததோ, இளையவர் ஓடி வந்து என் கையைப் பிடித்து, எங்கே அடிபட்டது என்று என் முழங்காலைப் பார்த்தார். அலுவலகத்துக்குப் போக இறங்கி வந்த என் மகள் நஸ்ரீன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நான் கேட்டதை அவர்களுக்குச் சரியாகச் சொன்னாள்.

மூத்தவர் முன்னால் வந்தார். பக்கத்து மூலிகைக் கடையின் வாசற்படியில் உள்ளங்கையை வைத்தார். பிறகு அந்தக் கையை மெல்லச் சாய்த்து ரோட்டுப் பக்கம் இறக்கிக் காட்டினார். படிக்குக் கீழேதான் தரை இருக்க வேண்டும், தண்ணீர் அந்தப் பக்கம் போக வேண்டும். அவ்வளவுதான்.

“ரோடு போடுறதைப் போய் இப்படிப் பாக்குறீங்களே வாப்பா,” என்றாள் நஸ்ரீன்.

“உன் வீட்டை நினைச்சேன்மா,” என்றேன்.

“என் வீடு இல்ல. உம்மா வீடு,” என்று சொல்லிவிட்டு அவள் பனிக்குள் போய்விட்டாள்.

2

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டியது எங்கள் ஊர். அந்தக் கடலில் மூழ்கி முத்தெடுத்த காலம் போய்விட்டது. அங்கே பிறந்த நான் இங்கே கவுலூனில் ஒரு சின்னக் கடையில், சீனக் குளங்களில் வளர்த்த முத்தைச் சரம் கோத்து விற்கிறேன். அல்லாஹ் யாருக்கு எங்கே சோறு வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். நானும் அப்படி ஒரு பெட்டியோடு என் மனைவி கதீஜாவின் வீட்டுக்குப் போனவன்தான். கதீஜாவுக்குப் பிறகு அது நஸ்ரீனுக்கு. உப்புக் காற்று பூட்டிய வீட்டைத் தின்றுவிடும் என்று, வருடத்தில் பாதியை கதீஜா அங்கே போய் இருக்கிறாள். மீதிப் பாதிக்கு எங்களிடம் வருவாள்.

வெளியூர்க்காரர்களுக்கு முடுக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீடுகளுக்கு முன்னால் தெரு, பின்னால் முடுக்கு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் அகலம். அது பெண்களின் வழி. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, கல்யாணத்துக்கு, துக்கத்துக்கு, தெருவில் இறங்காமலேயே அவர்கள் போய் வந்துவிடுவார்கள். ஆண்கள் அதில் நடப்பதில்லை. வேலையாட்கள் வந்தால் வாயில் நின்று கனைத்துச் சத்தம் காட்டுவார்கள். உள்ளே கதவுகள் சாத்திக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் அவர்கள் நுழைவார்கள்.

சின்னப் பையன்களுக்கு அந்தத் தடை இல்லை. என் உம்மா வீடு முடுக்கின் ஒரு முனையில். எந்த வாசலில் என்ன மணக்கும் என்று எனக்கு அப்போது தெரியும். காலுக்குக் கீழே கடல் மணல், நடுப்பகலிலும் குளிர்ந்து கிடக்கும். இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவே வானம் ஒரு நாடா மாதிரி கூடவே வரும். ஒருநாள் பக்கத்து வீட்டு மாமி என்னை நிறுத்தி, ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வளந்துட்டியடா. இனி தெரு வழியா போ,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றிலிருந்து தெரு வழிதான். அதே முடுக்கிலிருந்த வீட்டில்தான் பிற்பாடு பெண் எடுத்தேன். நான் அங்கே தங்கிய நாட்களில் பின்வாசல் கதவு என் படுக்கைக்கு எதிரேதான் இருக்கும். அதைத் தாண்டி என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.

3

அந்த மணல் இப்போது எங்கேயோ ஆழத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நகராட்சி சிமெண்டு போடும்போது பழையதை அள்ளுவதில்லை. அதன் மேலேயே கொட்டிப் பூசிவிட்டுப் போவார்கள். இப்படியே முடுக்கு ஏறிக்கொண்டே வந்தது. வீடுகள் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு வீடு அமிழ்வது போலத்தான் இருக்கும். தரையை உயர்த்திக் கட்டியவர்களுக்கு நிலையில் தலை இடித்தது.

போன ஐப்பசி மழையில் கதீஜாவின் அக்கா ஆமினா ராத்தாவின் அடுக்களையில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் எங்களுக்கு அடுத்த வீடு. தொழுகைப் பாயைச் சுருட்டிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, அந்தக் கட்டில்மேலேயே உட்கார்ந்து தொழுதார். எங்கள் வீட்டில் நிலைப்படி கொஞ்சம் உயரம். படிவரைக்கும் வந்த தண்ணீர் அங்கேயே நின்று யோசித்துவிட்டுத் திரும்பியது என்று கதீஜா சொன்னாள். இன்னும் ஒரே ஒரு தடவை மேலே பூசினால் யோசிக்காமல் உள்ளே வந்துவிடும். மகளுக்கு வைத்திருக்கும் வீடு குளமாகிவிடும். அவள் வேண்டாம் என்று சொல்வது வேறு. கொடுப்பதற்கு இல்லாமல் போவது வேறு.

அப்படியிருக்கும்போதுதான் முடுக்குக்குப் புதுத் தரையும் மழைநீர் வடிகாலும் போட நகராட்சியில் அனுமதி கிடைத்திருப்பதாகச் செய்தி வந்தது. வார்டில் பகுதி சபைக் கூட்டம் போட்டார்கள். ஊரில் இருந்த ஆண்கள் போனார்கள். பழையதை உடைத்து அள்ளிய பிறகே புதியது என்று பேசி முடித்தார்கள். நகராட்சியும் ஒப்புக்கொண்டது. கொஞ்ச நாளில் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் படங்கள் வந்தன. முடுக்கின் கிழக்கு வாயில் பழைய சிமெண்டு சில்லு சில்லாக உடைந்து கிடக்கிறது. மேற்கு வாயிலும் அப்படியே. மூலிகைக் கடை வாசலில் அந்தச் சீனர் கையைச் சாய்த்துக் காட்டியது என் நினைவுக்கு வந்தது. மாஷா அல்லாஹ் என்று போட்டேன். எனக்குப் பின்னால் ஹாங்காங், துபாய், சென்னை எல்லாம் வரிசையாக மாஷா அல்லாஹ் போட்டன.

மறுநாள் கதீஜா பேசினாள்.

“முடுக்கு வாயப் பாத்து மாஷா அல்லாஹ் போட்டியளாமே.”

“நல்லாத்தானே உடைச்சிருக்கான்?”

“முன்பல்ல மட்டும் வெளக்கிட்டு வாய மூடிக்கிட்ட மாதிரி உடைச்சிருக்கான். உள்ள ஒரு சில்லு பேரலை. ஆம்பளைங்க பாக்கிற ரெண்டு எடத்துலயும் கொத்திப் போட்டுட்டு, நடுவுல அப்படியே பூசப் போறான்.”

“அவங்க வேலை செய்யும்போது நீங்க பாக்கலையா?”

“சத்தங் காட்டிட்டு வாரான். நாங்க கதவச் சாத்துதோம். பொறவு அவன் என்ன செய்யுதான்னு சுவருக்குத்தான் தெரியும்.”

4

எங்கள் வார்டுக்குக் கவுன்சிலர் ஒரு பெண்தான். பெயர் ஜெய்னம்பு. ஆனால் அந்தப் பெயரில் அவரை யாரும் தேடுவதில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் எல்லாரும் அவர் கணவருக்குத்தான் போன் போடுவோம். ஊரில் அவருக்கே கவுன்சிலர் மாப்பிள்ளை என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. கூப்பிட்ட குரலுக்கு வருவார். நானும் அவரைத்தான் கூப்பிட்டேன்.

“நானே நின்னு பாத்தேன் காக்கா. சுத்தமா உடைச்சிட்டாங்க,” என்றார். எங்கள் ஊரில் அண்ணன் முறைக்காரரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“எங்க நின்னு பாத்திய தம்பி?”

“முடுக்கு வாய்லதான்.”

“உள்ள?”

“உள்ள நான் எப்படிக் காக்கா போவேன்? பொம்பளைங்க பொழங்குற எடம்லா.”

“இஞ்சினியர்?”

“அவரும் எங்கூடத்தான் நின்னாரு. தங்கமான மனுசன். ஒரு எட்டு உள்ள வைக்கலையே.”

புகழ்ந்துதான் சொன்னார்.  நான் அங்கே இருந்திருந்தாலும் அவர் பக்கத்தில்தான் நின்றிருப்பேன். மரியாதை என்று நினைத்து எல்லாரும் வாயில் நிற்கிறோம். அந்த மரியாதைக்குள் ஒளிந்துகொண்டு ஒருவன் வேலையைக் கெடுக்கிறான். பொதுக்காரியம் அமானிதம், நம்மிடம் ஒப்படைத்த பொருள் என்று ஜும்ஆ பயானில், பள்ளிவாசல் சொற்பொழிவில், எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். படைத்தவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டு, நாம் பார்ப்பதை விட்டுவிடுகிறோம் போலிருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை கவுலூன் பள்ளிவாசலில் எங்கள் ஊர்க்காரர்கள் கூடி, நகராட்சி ஆணையருக்கு ஒரு மனு அனுப்பலாம் என்று முடிவு செய்தோம். பெருமையோடு கதீஜாவிடம் சொன்னேன்.

“மனு போவட்டும். அது போய்ச் சேருமுன்ன கலவை இறுகிரும்,” என்றாள்.

“பின்ன என்ன செய்யச் சொல்லுத?”

“கவுன்சிலரக் கூப்பிடப் போறோம்.”

“அந்தத் தம்பிதான் உள்ள வர மாட்டாரே.”

“அவரை யாரு கூப்பிட்டா? ஓட்டு வாங்குனது ஜெய்னம்புல்லா. அவ வரட்டும். முடுக்குல அவளுக்கு என்ன தடை?”

5

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கதீஜா வீடியோவில் கூப்பிட்டாள். என்னை இல்லை, நஸ்ரீனை. முடுக்கில் பெண்கள் நிற்பார்கள், அதனால் நான் பார்க்கக் கூடாது. நஸ்ரீன் மேஜைக்கு அந்தப் பக்கம் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டாள். நான் இந்தப் பக்கம் தேநீரோடு உட்கார்ந்தேன். சத்தம் மட்டும் என்னிடம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை, வெள்ளைப் புகைதான். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரல்களைக் கேட்டபோது, என் உம்மா வீட்டு முனையிலிருந்து பையனாக நடந்து போவது போல இருந்தது.

ஆமினா ராத்தா பேசினார். “வா ஜெய்னம்பு. தலைய குனிஞ்சு வா, நிலை இடிக்கும். இங்கன அடுக்களையில நில்லு. இப்ப வெளிய பாரு.”

நான் தேநீரைக் கீழே வைத்தேன்.

“என்ன ஆச்சு?” என்றேன் நஸ்ரீனிடம்.

“அவங்க உள்ள நின்னு வெளில பாக்குறாங்க வாப்பா. வெளில ஒரு கோழி போகுது. அது அவங்க முட்டிக்கு நேரா நடக்குது.”

கோழியைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “இப்படியா இருக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

ஒரு போன் மணி அடித்தது. கவுன்சிலர் மாப்பிள்ளையின் குரல் போனிலும் கேட்டது, முடுக்கு வாயிலிருந்து நேராகவும் கேட்டது. “என்ன ஆச்சு? நான் பேசட்டுமா?”

“நீங்க அங்கனயே நில்லுங்க. நான் பேசிக்கிடுதேன்,” என்றார் ஜெய்னம்பு. யாரோ ஒரு பெண் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டது கேட்டது.

வரிசையாக ஒவ்வொரு வாசலிலும் அவரை நிறுத்திக் காட்டினார்கள். கடைசியில் அவர் முடுக்கு வாய்க்கு நடந்து போனார். அங்கே காண்ட்ராக்டரின் மேஸ்திரி நின்றிருந்தார், திருநெல்வேலிப் பக்கத்து ஆள்.

“உள்ள ஏன் உடைக்கலை?”

“உடைக்கச் சொன்னாவ, ரெண்டு பக்கமும் உடைச்சாச்சுல்லாம்மா. கவுன்சிலர் சார் வந்து பாத்துட்டாரே.”

“கவுன்சிலர் நான். நான் இன்னைக்குத்தான் பாக்கேன். பழையதை அள்ளாம ஒரு சட்டி கலவை இதுக்குள்ள வரக் கூடாது.”

மேஸ்திரி என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. “அந்த ஆளு தலையைச் சொறியுறாரு,” என்றாள் நஸ்ரீன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவள் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “உம்மா நல்லா பேசினாங்க,” என்றாள். அவளுடைய உம்மா அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். போனைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

இதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று எழுத ஆசைதான். காண்ட்ராக்டர் கோபித்துக்கொண்டு ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார். ஜல்லி ஒரு வாயில், மணல் ஒரு வாயில் என்று மலை மாதிரி கிடந்தது. ஹஜ் பெருநாளுக்குப் பெண்கள் தெருவைச் சுற்றிப் போய்வர வேண்டியதாயிற்று. “கதீஜா சும்மா கெடந்திருந்தா வழியாவது இருந்திருக்கும்,” என்று காதுபடவே சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது அவள் குரல் சரியில்லை. வேலை முடியும்வரை ஹாங்காங்குக்கு வர மாட்டேன் என்று இந்த வருடம் அங்கேயே இருந்துவிட்டாள். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு என்ன ஆறுதல் சொல்லுவது. மழைக்கு முன்னால் வேலை முடியாவிட்டால் மணல் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும். பின்னிரவில் தஹஜ்ஜுது தொழ எழுந்தபோதெல்லாம் வேலை முடிய வேண்டும் என்றுதான் அல்லாஹ்விடம் கேட்டேன். பெரிய துஆக்களுக்கு நடுவே ஒரு வடிகாலைக் கேட்பதில் எனக்கு வெட்கம் இல்லை. செருப்பு வார் அறுந்தாலும் அவனிடம்தான் கேட்க வேண்டும் என்று படித்திருக்கிறோம்.

ஜெய்னம்பு விடவில்லை. நகராட்சிக் கூட்டத்தில் கணவர் இல்லாமல் எழுந்து நின்று பேசினாராம். அதற்கு முன்பு அங்கே அவர் குரலை யாரும் கேட்டதில்லை. ஆட்கள் திரும்பி வந்தார்கள். இந்தத் தடவை அவர்கள் கனைத்தபோது கதவுகள் முழுதாகச் சாத்தவில்லை. கை நுழையும் அளவுக்குத் திறந்தே இருந்தன. இஞ்சினியர் வந்து மட்டம் பார்த்த நாளில் டேப்பின் ஒரு முனை தெருவில் அவர் கையில், மறுமுனை முடுக்குக்குள் ஜெய்னம்பு கையில். அவர் வெளியிலிருந்து கத்திக் கேட்க, இவர் உள்ளிருந்து கத்திச் சொன்னார்.

“கதவு இடுக்கு எல்லாத்துலயும் கண்ணு,” என்று மேஸ்திரி புலம்பினாராம். “எங்க மாமியா வீட்டுல கூட நான் இம்புட்டுப் பயந்து வேலை பாத்ததில்லம்மா.”

“வேலைய ஒழுங்காப் பாரும், தேத்தண்ணி வரும்,” என்று எந்தக் கதவு சொன்னது என்று தெரியவில்லையாம்.

உடைத்து அள்ளிக்கொண்டே போனபோது ஓர் இடத்தில் அடியில் வெள்ளை மணல் தெரிந்தது என்று கதீஜா சொன்னாள். சிப்பித் துண்டு கூட இருந்ததாம். அதைக் கேட்ட அன்று கடையில் முத்துச்சரம் கோக்கும்போது என் கை அடிக்கடி நின்றுபோனது.

6

நேற்று ஊரில் முதல் பெருமழை. காலையிலிருந்தே கதீஜாவின் போன் வரவில்லை. மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தேன், நஸ்ரீனுக்கு விடுமுறை, வீட்டில் இருந்தாள். இருவரும் சாப்பிட்டோம். அவள் போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். 

மணி அடித்ததும் எடுத்தாள். மழைச் சத்தம் அறை முழுக்க நிறைந்தது.

“தண்ணி எங்க இருக்கு?” என்றேன்.

“இருங்க வாப்பா. உம்மா, கீழ காட்டுங்க.” கொஞ்சம் குனிந்து பார்த்தாள். “படிக்குக் கீழ. நிறைய கீழ. ஓடிட்டே இருக்கு.”

“ஆமினா பெரியம்மா வீட்டுல?”

“அங்கயும் உள்ள வரல. அவங்க வாசல்ல உக்காந்து காலை நீட்டித் தண்ணியைத் தொட்டுட்டு இருக்காங்க.”

அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

அந்தப் பக்கமிருந்து கதீஜா சொன்னாள். “ராத்தா உள்ள போயாச்சு. இப்ப இங்கன யாரும் இல்ல. தரையத்தான் காட்டுதேன். வாப்பாட்ட திருப்பும்மா, பாக்கட்டும்.”

நஸ்ரீன் போனை என் பக்கம் திருப்பினாள்.

சாம்பல் நிறத்தில் புதுத் தரை. அதன் மேல் தண்ணீர் நடு வடிகாலை நோக்கிச் சாய்ந்து சாய்ந்து ஓடியது. ஒரு முருங்கைப் பூ வந்தது. ஒரு வாசற்படியைக் கடந்தது, அடுத்ததைக் கடந்தது, எங்கள் படிக்கு முன்னால் லேசாகச் சுற்றியது, பிறகு எங்கும் நிற்காமல் போய்விட்டது. சுவர்களின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. அன்றைக்கு என்னை நிறுத்திய அந்த மாமியின் வீட்டுப் படியை நான் அடையாளம் கண்டுகொண்டேன் என்று நினைக்கிறேன். படிகள் எல்லாம் மறுபடி உயரமாக இருந்தன, ஒரு பையன் காலைத் தூக்கித்தான் ஏற வேண்டும்.

போன் கொஞ்சம் நிமிர்ந்தபோது, தூரத்தில் முடுக்கு வாயில் வெளிச்சமாகத் தெரு தெரிந்தது. அங்கே குடை பிடித்துக்கொண்டு கவுன்சிலர் மாப்பிள்ளை நின்றிருந்தார். வெளியே வரும் தண்ணீரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதீஜா போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நஸ்ரீன் தட்டுகளைக் கழுவி வைத்தாள். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

“வாப்பா, லீவுக்குப் போனா நான் அதுல நடக்கலாமா? இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும்?”

“நடக்கலாம்மா,” என்றேன். “உனக்கு யாரும் தடை சொல்ல மாட்டாங்க. எனக்குத்தான் தெரு வழி.”